“வண்டியிலதான் இருக்கேன், பரவாயில்ல, சொல்லு”

“எங்க இருக்க?”

“வண்டியிலதான் போய்க்கிட்டிருக்கேன். பரவாயில்ல, சொல்லு.”

இந்தப் பதிலைச் சொல்லாத வாய் நம் ஊரில் குறைவு, கேட்காத காதும் குறைவு. நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். தலையைத் தோள்பக்கம் சாய்த்துப் போனை இடுக்கிக்கொண்டும், ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டும், பிறகு ப்ளூடூத் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வீடு வந்து சேர்ந்தேன். சேர்ந்ததால்தான் அந்தப் ‘பரவாயில்ல’ மேல் நம்பிக்கை வளர்ந்தது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். இவற்றில் எத்தனை விபத்துகளுக்குச் சற்றுமுன் யாரோ ஒருவர் ‘பரவாயில்ல, சொல்லு’ என்றிருப்பார்? அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கையில் பிடித்தால்தான் ஆபத்து. ப்ளூடூத்தில் பேசினால் ஒன்றும் ஆகாது.

உண்மை: கையில் பிடிப்பது ஆபத்துதான். பைக்கில் வலது கை ஆக்ஸிலரேட்டருக்கும் முன் பிரேக்குக்கும் உரியது. இடது கை கிளட்சுக்கும் ஹாரனுக்கும் உரியது. ஸ்கூட்டரில் இடது கையில் பின் பிரேக் இருக்கிறது. எந்தக் கையை எடுத்தாலும் வண்டியின் ஒரு பாதி நம் வசத்தில் இல்லை. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகுகிறவருக்கு அந்தப் பக்கக் காது அடைபட்டுப் போகிறது, பின்னால் வரும் லாரியின் ஹாரன் சரியாக விழுவதில்லை.

ஆனால் கைகள் இரண்டும் ஹேண்டில்பாரில் இருக்கும்போதும் ஆபத்து அப்படியே இருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் விபத்தில் சிக்கிய, செல்போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் தொலைபேசி அழைப்புப் பதிவுகளை டொனால்ட் ரெடல்மையர், ராபர்ட் திப்ஷிராணி என்ற இரு ஆய்வாளர்கள் சரிபார்த்து 1997-இல் வெளியிட்டார்கள். போனில் பேசும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 மடங்காகிறது என்பது அவர்கள் கண்டது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கூடியதாகத் தெரியவில்லை. 2005-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களிடம் நடந்த ஆய்விலும் அதே 4 மடங்குதான் வந்தது. அங்கும் கையில் பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

காரணம் மூளையில் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2008-இல் ஒரு சோதனை நடந்தது. மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுத்தபடியே, திரையில் தெரியும் வளைந்த சாலையில் ஆட்கள் வண்டி ஓட்டினார்கள். கூடவே சில வாக்கியங்களைக் கேட்டுச் சரியா தவறா என்று முடிவு செய்யச் சொன்னார்கள். கையில் போன் கிடையாது, வாய் திறந்து பேசவும் வேண்டாம், காதால் கேட்டால் போதும். அப்படியிருந்தும், ஓட்டுவதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடு 37 சதவீதம் குறைந்தது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் கண் எங்கே பார்க்கிறது என்பதையே பதிவு செய்து பார்த்தார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசிக்கொண்டு ஓட்டியவர்கள் சாலையோரப் பலகைகளை நேராகப் பார்த்தார்கள். பிறகு எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டபோது அடையாளம் சொல்லத் திணறினார்கள். கண் பார்த்தது, மனம் வாங்கிக்கொள்ளவில்லை. “சத்தியமா அந்த ஆள் குறுக்க வந்ததையே நான் பார்க்கலீங்க” என்று விபத்துக்குப் பின் ஒருவர் அழுதால், அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம்.

நம்பிக்கை 2: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுகிறோமே, போனில் பேசுவதும் அதேதானே?

உண்மை: பக்கத்தில் இருப்பவர் நாம் பார்க்கும் அதே சாலையைப் பார்க்கிறார். எதிரே மாடு குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துகிறார். “பாத்து, பாத்து” என்கிறார். ரவுண்டானா வரும்போது தானே அமைதியாகிறார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு மாடும் தெரியாது, ரவுண்டானாவும் தெரியாது. நாம் பதில் சொல்லத் தயங்கினால், “கேக்குதா? ஹலோ?” என்று இன்னும் உரக்கக் கேட்பார்.

இதையும் யூட்டா குழுவினர் 2008-இல் சோதித்தார்கள். நிஜச் சாலையில் அல்ல, சிமுலேட்டர் கருவியில், நெடுஞ்சாலையில் சிறிது தூரம் ஓட்டி, சொன்ன இடத்தில் வெளியேறி வண்டியை நிறுத்த வேண்டும். நண்பரைப் பக்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சரியாக வெளியேறினார்கள். போனில் பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

நம்பிக்கை 3: ஒரு செகண்ட்தான் பார்த்தேன்.

உண்மை: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல். ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் திறந்து, படித்து, ‘ஓகே’ என்று தட்டி முடிக்க 5 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வண்டி 83 மீட்டர் போயிருக்கும். 12 மீட்டர் நீளமுள்ள பேருந்துகள் ஏழை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் தூரம் அது. ஏழு பேருந்து தூரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டு என்று யாராவது சொன்னால் ஓட்டுவோமா?

நம்பிக்கை 4: நான் ஊருக்குள்ளேதான் போகிறேன், மெதுவாகத்தான் போகிறேன்.

உண்மை: மணிக்கு 40 கிலோமீட்டரிலும் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் போகிறது. பிரேக்கைத் தொட அரை விநாடி தாமதமானால் ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போய்விடும். தெருவைக் கடக்கும் பள்ளிப் பிள்ளையின் முன்னால் நிற்பதற்கும் அந்தப் பிள்ளையைத் தாண்டி நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஐந்தரை மீட்டர்தான். எதிர்த்திசையில் வரும் ஆட்டோ, மூடியில்லாத பள்ளம், திடீரென்று கதவு திறக்கும் கார், பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தை எல்லாம் இருப்பது ஊருக்குள்தான். 2022-இல் நாட்டில் சாலையில் இறந்த 100 பேரில் 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அவர்களைச் சுற்றித் தகரமும் கிடையாது, காற்றுப்பையும் கிடையாது. அவர்களிடம் உள்ள ஒரே கவசம் ஹெல்மெட். போனைச் செருக இடம் வேண்டும் என்று அதன் வாரையும் பலர் தளர்த்திவிடுகிறார்கள்.

நம்பிக்கை 5: சிக்னலில் நிற்கும்போது பார்த்தால் என்ன?

உண்மை: வண்டி நிற்கிறது என்பது சரி. பச்சை விழுந்ததும் போனை வைத்துவிடுகிறோம் என்பதும் சரி. ஆனால் மனம் போனை அதே நொடியில் வைப்பதில்லை. அமெரிக்காவின் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குரல்வழிக் கருவிகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் கவனச்சிதறல் 27 விநாடி வரை நீடிக்கக்கூடும். சிக்னலில் படித்த ஆபீஸ் செய்தி சிலருக்குக் கோபத்தைத் தரும், சிலருக்குக் கவலையைத் தரும். அதே மனநிலையில்தான் கூட்டம் மிகுந்த சந்திப்பைக் கடக்கிறோம், அதுவும் பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்த அவசரத்தில்.

நம்பிக்கை 6: எனக்கு இருபது வருடப் பழக்கம். இரண்டையும் சமாளிப்பேன்.

உண்மை: இரண்டையும் பிசகில்லாமல் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று 2010-இல் யூட்டாவில் 200 பேரைச் சோதித்தார்கள். தேறியவர்கள் 2.5 சதவீதம், அதாவது ஐந்து பேர். மற்ற 195 பேரின் ஓட்டும் திறன் போன் பேச்சால் குறைந்தது. ‘அந்த ஐந்து பேரில் நான் ஒருவன்’ என்று எல்லோருக்கும் தோன்றும். அதே பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு, ஒரே நேரத்தில் பல வேலை செய்வதில் தனக்குத் திறமை அதிகம் என்று நம்புகிற மனப்போக்கை ஆராய்ந்தது. அந்த நம்பிக்கைக்கும் உண்மையான திறமைக்கும் தொடர்பில்லை. வண்டியில் போன் பேசும் வழக்கம் அதிகம் உள்ளவர்கள், இந்தத் திறமை குறைந்தவர்களாகவே இருந்தார்கள்.

இருபது வருடம் ஓட்டியவர் பழகியிருப்பது சாலை வழக்கம்போல இருக்கும் நாளுக்குத்தான். சாலை வழக்கம் மாறும் அந்த ஒரு நாளில் பழக்கம் கைகொடுக்காது, கவனம்தான் கைகொடுக்கும்.

நம்பிக்கை 7: சட்டமே அனுமதிக்கிறது.

உண்மை: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவதைச் சிக்னலை மீறுவதோடு ஒன்றாக வைத்து ‘ஆபத்தான ஓட்டுதல்’ என்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து, முதல் முறைக்கே 1,000 ரூபாய் அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் சிக்கினால் 10,000 ரூபாய் வரை போகும். உரிமம் சில மாதங்கள் நிறுத்திவைக்கப்படவும் இடமுண்டு.

வழி பார்க்க மட்டும் 2020 அக்டோபர் முதல் மத்திய விதிகள் இடம் தருகின்றன, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில். கிளம்புமுன் ஊர் பெயரை அடித்து, ஸ்டாண்டில் மாட்டி, குரலைக் கேட்டுப் போவதற்கான அனுமதி அது. ஓடுகிற வண்டியில் வரைபடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு அல்ல. ‘கையில் பிடிக்கும் கருவி’ என்று சட்டம் சொல்வதால் ப்ளூடூத்துக்கு அபராதம் வராமல் போகலாம். அபராதம் வராத எல்லாமே ஆபத்தில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது.

நம்பிக்கை 8: அரசுக் கணக்கில் போனால் நடந்த விபத்து வெறும் இரண்டு சதவீதம்தான். பெரும்பாலும் வேகம்தான் காரணம்.

உண்மை: கணக்கில் அப்படித்தான் இருக்கிறது. சுமார் எழுபது சதவீத விபத்துகளுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகிறது. ஆனால் விபத்து நடந்த இடத்தில் வேகத்தை ஊகிக்கத் தரையில் தேய்ந்த டயர்த் தடம் இருக்கும், நசுங்கிய வண்டி இருக்கும். பேச்சுக்குத் தடம் ஏது? உயிர் பிழைத்தவர் ‘போன் பேசினேன்’ என்று தானாகச் சொல்லமாட்டார். இறந்தவரின் சட்டைப்பையில் கிடக்கும் போன் சாட்சி சொல்லாது. டொராண்டோ ஆய்வாளர்கள் ஓட்டுநர் சொன்னதை மட்டும் நம்பாமல் அழைப்புப் பதிவுகளைத் தேடிப் போனது இதனால்தான். ஒவ்வொரு விபத்திலும் அதைத் தேடிப் பார்க்காதவரை அந்த இரண்டு சதவீதம் குறைந்தபட்சக் கணக்கு மட்டுமே.

நம்பிக்கை 9: எடுக்காவிட்டால் வீட்டில் பயந்துவிடுவார்கள்.

உண்மை: நம் ஊரில் மிக ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இது. அன்பிலிருந்து வருவதால் இதை யாரும் தவறென்று நினைப்பதில்லை. மகன் ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டான் என்று தெரியும், ஆனாலும் அம்மா கூப்பிடுகிறார், “எங்கப்பா வந்துக்கிட்டிருக்க?” மனைவி கூப்பிடுகிறார், “வர்ற வழியில கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க.” மேலாளர் கூப்பிடுகிறார், “அந்த ஃபைல் என்னாச்சு?” சாப்பாடு கொண்டுவரும் பையனை ஐந்து நிமிடத்தில் இரண்டு முறை நாம் கூப்பிடுகிறோம், “தம்பி, எங்க வர்றீங்க?” அவன் எடுக்காமல் இருக்க முடியாது, அவன் பிழைப்பு அதில் இருக்கிறது.

வண்டியில் பேசுகிறவரை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு முனை உண்டு. ஓட்டுகிறவரின் கண்ணையும் மனத்தையும் சாலையிலிருந்து இழுக்கிற கயிற்றின் மறுநுனி, வீட்டில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் நம் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை சிறியவை. கிளம்பும்போது “கிளம்பிட்டேன், முக்கால் மணி நேரம் ஆகும், நடுவுல எடுக்க மாட்டேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போனை வண்டிப் பெட்டியிலோ பின் பையிலோ வையுங்கள். இன்றைய போன்களில், ஓட்டும்போது அழைப்புகளை அமைதிப்படுத்தும் வசதி இருக்கிறது. பேசியே ஆக வேண்டுமென்றால் பெட்ரோல் பங்கோ டீக்கடையோ பார்த்து, சாலையை விட்டு முழுதாக விலகி நிறுத்துங்கள். நெடுஞ்சாலை ஓரத்திலும் பாலத்தின் மேலும் நிறுத்துவது இன்னொரு விபத்துக்கு வழி.

கூப்பிடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டில் ‘எங்க இருக்க?’ என்ற முதல் கேள்வியை மாற்றிவிட்டோம். போனை எடுத்ததும் என் அம்மா கேட்பது இப்போது ஒரே சொல்: “வண்டியா?” ஆமாம் என்றால், என்ன அவசரமானாலும், நான் ‘பரவாயில்ல’ என்று சொல்லும் முன்பே அவர் சொல்லிவிடுகிறார்:

“அப்ப வை. வந்து பேசு.”