பாத்திரம் தேய்க்கிறது பிசியோதெரபி இல்ல!

தங்கச்சி, சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கை கால் இழுத்துக்கிட்டப்போ வீடே சேர்ந்து அவரை நடக்க வச்சோமே, ஞாபகம் இருக்கா? காலையில ராபின்சன் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள், சாயங்காலம் ஒரு ஆள். (போர்டுல அறிஞர் அண்ணா பூங்கா. 1949-ல தி.மு.க. பிறந்த இடம். ராயபுரத்துப் பெருசுங்களுக்கு இன்னும் ராபின்சன் பார்க்தான்.) அந்த மனுஷன் ரெண்டு சுத்து நடந்துட்டு வெளிய வந்து பீடி பத்த வைப்பாரு. அது வேற கதை.

அம்மாவுக்கு வந்தப்போ நேர் எதிர். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறல. பீடி, குவார்ட்டர் தொல்லையும் இல்ல. ஆனா மூணாவது வாரமே அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே"ன்னாங்க, நாமளும் தலையாட்டிட்டோம். சித்தப்பாவுக்குத் தட்டுல சோறு வந்துச்சு. அம்மா வராத கையோட சோறு வடிச்சாங்க.

கவனிச்சுப் பாரு, அம்மா எல்லா வேலையையும் நல்ல கையாலேயே முடிச்சுடுறாங்க. வராத கை சும்மாவே தொங்குது. பயன்படுத்தாத கையை மூளையும் கணக்குல இருந்து எடுத்துடும். அதனால அந்தக் கைக்குன்னு தனியா வேலை கொடு: பூண்டை ஒவ்வொண்ணா கிண்ணத்துல போடுறது, டம்ளரை நகர்த்துறது, துண்டு மடிக்கிறது. கத்தியும் கொதிக்கிற பாத்திரமும் வேணாம், உணர்ச்சி குறைஞ்ச கைக்குச் சூடு உறைக்காது. எழுப்பும்போது அந்தக் கையைப் பிடிச்சு இழுக்காதே, தோள் மூட்டு இறங்கிடும். இடுப்பைத் தாங்கிப் பிடி.

நடக்கக் கூப்பிட்டா "நாலு பேர் பாப்பாங்க"ம்பாங்க. வாய் கோணினது, கால் இழுக்கிறது, எல்லாத்துக்கும் கூச்சம். சித்தப்பாவுக்கு அது இருந்த மாதிரி தெரியல. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மொட்டை மாடியில பத்து நிமிஷத்துல ஆரம்பி. வாரத்துக்கு 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, மெதுவா அங்க போயிக்கலாம். நடக்கும்போது பேச முடியணும், பாட மூச்சு பத்தக் கூடாது. அதான் அளவு. நைட்டி கணுக்காலுக்கு மேல இருக்கட்டும். ரப்பர் செருப்பு வேணாம், பின்பட்டை வச்சது வாங்கு.

யூடியூப் பார்த்து நீயே டாக்டராயிடாதே. வீட்டு ஆளுங்களே பயிற்சி கொடுத்தா போதுமான்னு நம்ம நாட்டுல 14 ஆஸ்பத்திரியில 1250 பக்கவாத நோயாளிகளை வச்சு ஆராய்ச்சி பண்ணி, 2017-ல முடிவு சொன்னாங்க: வழக்கமான சிகிச்சையை விடக் கூடுதல் பலன் இல்ல. பிசியோதெரபிஸ்ட் கண்ணு வேணும். 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிசியோ கொடுப்பாங்க, கேட்டு வை. புறா ரத்தம் தடவலாம்னு எதிர்வீட்டுப் பாட்டி வந்தா காபி கொடுத்து அனுப்பிடு.

காசிமேட்டுக் கருவாடு அம்மாவுக்கு உயிர், தெரியும். ஆனா நாள் முழுக்க உப்பு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன்தான். ஊறுகாயும் அதுலயே சேர்த்தி. சித்தப்பாவுக்குப் பீடி, அம்மாவுக்குக் கருவாடு!

அப்புறம், அடிக்கடி அழுறாங்களே, அதை "சும்மா அழுவுறாங்க"ன்னு விடாதே, டாக்டர்கிட்ட சொல்லு. மறுபடி வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

திங்கட்கிழமையிலிருந்து காலைச் சோறு நான் வடிக்கிறேன். நீ அம்மாவை மாடிக்குக் கூட்டிட்டுப் போ.