போனைப் பிடுங்குவதற்கு முன்



பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராகத் தஞ்சாவூர்ப் பக்கம் வந்திருக்கிறாய். முதல் வாரத்திலேயே ஒரு தாய் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைப்பார். "எந்நேரமும் செல்லும் கையுமா இருக்கான் சார், நீங்களாவது சொல்லுங்க." அவர் எதிர்பார்ப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லிவிடாதே.

டெல்டாப் பிள்ளையின் வயதைக் கேட்டதும் மனசுக்குள் ஒரு கணக்குப் போடு. 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அன்று ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் இருந்தவர்கள்தான் இன்று அரும்பு மீசையோடு உன் எதிரே உட்காருகிறார்கள். இடையில் அப்பா கடனை அடைக்கத் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போயிருக்கலாம். வீட்டுக்குள் குடி நுழைந்திருக்கலாம். அவன் கையில் இருப்பது, கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கித் தந்த போனாகவும் இருக்கலாம். இன்றைக்கு அதுதான் குற்றவாளி!

அமெரிக்காவில் மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதில் அடி, பாலியல் சீண்டல், வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்ப்பது என இவை கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடின. அவர்களுடைய கேள்வித்தாளில் புயல் கிடையாது, சாதியும் கிடையாது. அவற்றை நீதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2004-ஐயும் மறக்காதே. ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. டிசம்பரில் நாகப்பட்டினத்தில் சுனாமி. அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் மருத்துவர்களை மட்டும் நம்பியிருக்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்கப் பழக்கினார்கள்.

அப்படிக் காது கொடுக்கும் ஆளைத்தான் இந்தப் பையன் இன்ஸ்டாவில் தேடுகிறான். சில சமயம் கிடைக்கவும் செய்கிறார். ஆனால் அதே இன்ஸ்டா திண்ணையில் படத்தை வைத்து மிரட்டுகிறவனும் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே, "எத்தனை மணி நேரம் பார்க்கிற?" என்று ஆரம்பிக்காதே. "ராத்திரி பதினோரு மணிக்கு யார்கிட்ட பேசுவ?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு.

போனைக் கவிழ்த்து வைத்திருப்பான். அவனாகத் திருப்பிக் காட்டும்வரை கை வைக்காதே. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். பாலியல் மிரட்டல் என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடு. குழந்தைகள் உதவிக்கான 1098, மனநல உதவிக்கான 14416 இரண்டு எண்களையும் அவன் கையாலேயே எழுதிக்கொள்ளச் சொல்.

வெளியே பெஞ்சில் அம்மா காத்திருப்பார், அரைநாள் நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்தவர். அவரையும் உள்ளே கூப்பிடு. கஜா அடித்த ராத்திரி வீட்டில் யார் யார் இருந்தீர்கள் என்று கேள்.