புரதத்தில் ஏறும் சர்க்கரை

பள்ளியில் படிகாரக் கரைசலை வைத்துப் படிகம் வளர்த்துப் பார்த்திருப்போம். புரதத்தையும் அவ்வாறு படிகமாக்கலாம். அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் புரதத்தின் அமைப்பை அறியலாம். 1958-இல் கெண்ட்ரூவின் குழுவினர் மயோகுளோபினின் வடிவைக் கண்டது இம்முறையால்தான். ஆனால், மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருத்தல் வேண்டும். செங்கற்கள் ஒன்றுபோல் இல்லாவிடில் சுவர் எழும்புமா?

எனக்கு ஆய்வுப் பொருளாய் வாய்த்தது மனித உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம். இத்தகைய புரதங்கள் பலவற்றில் சர்க்கரைக் கிளைகள் ஒட்டியிருக்கும். அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தை அடுத்துப் புரோலின் அல்லாத ஏதேனும் ஒன்றும், அதன்பின் செரின் அல்லது திரியோனினும் வந்தால், அந்த அஸ்பராஜினில் சர்க்கரை ஏறலாம். கிளைகள் நீண்டும் குறுகியும் அசைந்துகொண்டும் இருப்பதால், மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வது கடினம்.

சர்க்கரையே வேண்டாமென்று துணிந்து, ஈ. கோலி பாக்டீரியாவில் புரதத்தை ஆக்கினேன். சாதாரண ஈ. கோலிக்கு இச்சர்க்கரையை ஏற்றத் தெரியாது. விளைந்ததோ கரையாத கட்டி! சர்க்கரை வெறும் அணியன்று. பல புரதங்கள் செவ்வனே மடிவதற்கு அது துணை என்பதை அன்று உணர்ந்தேன்.

அடுத்து ஈஸ்ட்டை நாடினேன். புரதம் கரைந்தது. ஆனால் ஈஸ்ட் மானோஸ் சர்க்கரையை அளவின்றிக் கோத்துவிட்டது. மின்புலத்தில் பிரித்துப் பார்த்தபோது, ஒரு கோடு விழவேண்டிய இடத்தில் நீண்ட தீற்றல் விழுந்தது. நொதியால் வெட்டியும், செரின், திரியோனின் மீது ஏறிய மானோஸ் எஞ்சிற்று. எட்டு மாதங்கள் இவ்வாறே கழிந்தன. உதவித்தொகைக் காலமோ குறைந்துகொண்டே வந்தது.

பிறர் என்ன செய்தனர் என்று அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். பூச்சி உயிரணுக்கள் சர்க்கரைக் கிளைகளைப் பெரும்பாலும் குறுக்கிவிடுகின்றன. 1998-இல் வடிவு காணப்பட்ட எச்.ஐ.வி.யின் ஜிபி120 புரதத்தைப் பழ ஈயின் உயிரணுவில்தான் ஆக்கினர். நெகிழும் பகுதிகளை முன்னரே குறைத்து, சர்க்கரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நொதிகளால் நீக்கிய பின்னரே படிகமாக்கினர்.

மனித உயிரணுவில் புரதம் நன்றாக மடியும். ஆயினும் கிளைகள் பல வகையாய் அமையும். 2002-இல் ஹர் கோவிந்த் குரானாவின் குழு இதற்கொரு வழி கண்டது. மனிதச் சிறுநீரக உயிரணு வகை ஒன்றில், கிளையை மேலும் வளர்க்கும் ஒரு நொதி இல்லாமற் செய்தனர். கிளைகள் ஐந்து மானோஸுடன் நின்றுவிட்டன. மடிந்தபின் எண்டோ எச் நொதியால் வெட்டினால், கிளையிருந்த இடத்தில் ஒரே ஒரு சர்க்கரை எஞ்சும். சாரமின்றிக் கட்டடம் எழாது. எழுந்தபின் சாரத்தை அவிழ்த்தாக வேண்டும்.

அவ்வுயிரணுவில் ஆக்கிய என் புரதம், மூன்றாம் வாரத்தில் ஊசி போன்ற சிறு படிகங்களைத் தந்தது. அவை இன்னும் பெரிதாக வளரவேண்டும்.

இத்துறைக்கு வரும் தம்பியரும் தங்கையரும், முதல் நாளே புரத வரிசையில் அந்த மூன்று அமில அடையாளத்தைத் தேடுங்கள். இருந்தால், எந்த உயிரணுவில் எவ்வகைச் சர்க்கரை ஏறும், அதை எந்த நொதியால் அகற்றலாம் என்று ஆராய்ந்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். எட்டு மாதம் மிச்சமாகும்.