முத்தும் புரதமும்

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த சிற்றூர் தருவைகுளம். இக்கடற்கரைக்குப் பண்டுதொட்டுப் புகழ் தந்தது முத்து. முத்தின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பொருளே. அதனை அடுக்கடுக்காகப் பிணைத்து ஒளிரச் செய்வது சிறிதளவு புரதம். அப்புரதத்தை ஆக்குபவை சிப்பியின் உயிரணுக்களில் உள்ள ரைபோசோம் என்னும் நுண்ணிய பட்டறைகள்.

இப்பட்டறைகள் எல்லா உயிர்களிலும் உண்டு. பாக்டீரியா ரைபோசோமின் சிறு பகுதியினது அமைப்பைச் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் தம் குழுவினருடன் 2000இல் விளக்கினார். 2009இல் நோபெல் பரிசினை மற்றிருவருடன் பகிர்ந்து பெற்றார்.

மனித ரைபோசோமிலே ஏறத்தாழ 80 புரதங்கள் உள்ளன. அவற்றுள் 'ஆர்.பி.எஸ்.19' என்பதன் மரபணு பழுதுற்றால், சிவப்பணுக்கள் போதிய அளவு தோன்றாத கடுஞ்சோகை குழந்தைகளுக்கு உண்டாகலாம் என்பது 1999இல் தெளிவாயிற்று.

இந்நோயை ஆராயத் தூய புரதம் மிகுதியாக வேண்டும். மனித உயிரணுவிலோ அது பிற புரதங்களோடு பின்னிக் கிடக்கிறது. அதற்கு ஒரு வழி உண்டு. 1973இல் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் சிப்பிக்குள் கருமணி வைத்து முத்து விளைவித்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் கோஹன், பாயர் என்போர், ஒட்டிணைத்த மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பெருக்கும் முறையை நிறுவினர். அம்முறையால் மனித மரபணுவைப் பாக்டீரியாவினுள் வைப்பர். அதன் ரைபோசோம்கள் மனிதப் புரதத்தை ஆக்கித் தரும். பின் அதனைப் பிரித்துத் தூய்மை செய்வர்.

இது மருந்தன்று, ஆய்வுக்கூடக் கருவியே. ஆயினும், நோயின் வேரை அறிதலே அதனைத் தீர்க்கும் முதற்படியாகும்.