அங்கக் குறையுள்ளோருக்கு ஏற்ற பண்ணைத் தொழில்கள்

படப்பையைச் சுற்றியுள்ள ஏரிப்பாசனக் கிராமங்களில் நிலமுடையோர் கூறும் முதற்குறை, கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதாம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்பேட்டைகள் ஏற்பட்ட பின்னர், முன்பு நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிச் செல்கின்றனர். இது இயல்பே, குறை கூறிப் பிரயோஜனமில்லை. ஆயினும் அப்பேருந்து ஏற்றிக்கொள்ளாத சிலரும் ஊரில் உளர். இளமையில் போலியோ கண்டு கால் சூம்பியவர், கதிரடிக்கும் இயந்திரத்தில் கையிழந்தவர், பனையிலிருந்து வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தவர், கண்ணொளியோ செவிப்புலனோ இல்லாதவர் ஆகிய இவர்கள், சொந்த நிலமற்ற வீடுகளில், உடன்பிறந்தார் இடும் சோற்றில் காலங்கழிக்கின்றனர். ஆளில்லை என்னும் குறையும் வேலையின்றி இருக்கும் ஆளும் ஒரே ஊரில் இருப்பானேன்? இவ்விரண்டையும் இணைக்கும் வழியே இங்கு ஆராயப்படுகின்றது.

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அங்கக் குறையுள்ளோர் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள். தமிழ்நாட்டில் எண்ணப்பட்டோர் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களுள் அநேகரை வேலையினின்று விலக்கி வைப்பது உடற்குறை மட்டுமன்று. இரு காலும் இரு கையும் உடையோரையே கருதிச் செய்யப்பட்ட கருவியும், வரப்பும், வேலைமுறையுமே ஆகும். கருவியை மாற்றினால் ஆள் வேலைக்கு வருவார்.

இதற்கு ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால் நல்ல உதாரணம். முன்பு மேல்நாட்டு முறையில் செய்யப்பட்ட செயற்கைக் கால்களுக்குப் பாதரட்சை இன்றியமையாதது. அதனை அணிந்தவர் குந்தி உட்கார இயலாது. சேற்றில் இறங்கினால் கால் கெட்டுவிடும். ஆகவே காலிழந்த குடியானவர் அதனைப் பெற்றும் வீட்டு மூலையில் சார்த்தி வைத்துவிட்டு, ஊன்றுகோலையே நாடினார். 1960-களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூர் மருத்துவமனையில் டாக்டர் பி. கே. சேத்தியும், ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து ரப்பரினால் மனிதப் பாதம் போன்றே ஒரு பாதத்தைச் செய்தனர். அதனை அணிந்தவர் வெறுங்காலுடன் நடக்கலாம், சம்மணமிட்டு அமரலாம், நீர் நின்ற வயலிலும் இறங்கலாம். கைவினைஞரின் பழக்கமும் வைத்தியரின் சாஸ்திரமும் ஒன்றுசேர்ந்ததன் பயன் அது. 1975 முதல் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்னும் ஸ்தாபனம் இக்காலை இலவசமாகவே பொருத்தி வருகின்றது.

சக்கர நாற்காலிக்கும் இதே நியாயம் பொருந்தும். மேடையில் மாலை மரியாதையுடன் வழங்கப்படும் நாற்காலி ஆஸ்பத்திரித் தளத்துக்கு ஏற்றதாயிருக்கும். அதன் சிறிய முன்சக்கரம் ஏரிக்கரைக் களிமண்ணில் அமிழ்ந்துபோம். மழைக்காலம் ஒன்று கழிவதற்குள் அது துருப்பிடித்துக் கிடப்பதைக் கண்டோர், பெற்றவர் மீதே பழி கூறுவர். அமெரிக்காவில் 1966-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் செயலிழந்த ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்னும் பொறியாளர், கரடுமுரடான பாதைக்கேற்ற அகன்ற முன்சக்கரமுடைய நாற்காலியை வகுத்து, ஏழை நாடுகளின் சிறு பட்டறைகளிலேயே அதனைச் செய்யக் கற்பித்தார். நாற்காலி கேட்டு மனுச் செய்வோர் எந்தப் பாதையில் அது ஓடவேண்டும் என்பதையும் சேர்த்தெழுதுதல் நலம். பண்ணையிலும் பாதை வேண்டும். வீட்டிலிருந்து கொட்டகை வரையில் 90 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிராவல் இட்டு இறுக்கி, படி உள்ள இடத்தில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாகச் சரிவு அமைத்தால் போதும். இரண்டு ஆள் ஒருநாள் செய்யும் வேலைக்கு மிகாது.

முதலில் கைக்கொள்ளத்தக்க தொழில் குழித்தட்டு நாற்றங்கால். தரையில் குனிந்தும் குந்தியும் செய்யும் பாத்தி நாற்றங்காலைவிட இது மேலானது. ஏனெனில் எல்லா வேலையும் மேசைமேல் நடைபெறும். நிழல்வலைக் குடிலினுள் 75 சென்டிமீட்டர் உயரத்தில் மூங்கில் அல்லது இரும்புச் சட்டத்தால் பலகை அமைத்து, அதன் கீழே முழங்கால் நுழைய இடம் விடவேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை எட்டுமாயின் பலகையின் அகலம் 60 சென்டிமீட்டருக்கு மிகலாகாது. 98 குழியுள்ள தட்டில் மக்கிய தென்னை நார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை ஊன்றி, தட்டுகளை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி மூடி, முளை கண்டவுடன் பிரித்துப் பரப்புக. முளை கண்ட தட்டை ஒருநாள் தாமதித்துப் பிரித்தாலும் நாற்று வெளுத்து நெடுகிவிடும். இதில் கவனம் வேண்டும். தக்காளி ஏறக்குறைய 25 நாளிலும், மிளகாய் 35 நாளிலும் நடவுக்கு வரும். நூறு தட்டில் 9,800 குழி. முளைக்காததையும் மெலிந்ததையும் கழித்து, விலைபோகும் நாற்றைக் கணக்கிடுக. நீர் தெளிக்கப் பூவாளியைத் தூக்க இயலாதவருக்குக் குழாய்முனைத் தெளிப்பான் பொருத்தலாம். மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும் கருவி இப்போது கடைகளில் கிடைக்கின்றது; கிணற்றுமேட்டில் ஏறவேண்டிய அவசியமுமில்லை.

சிப்பிக் காளான் வளர்ப்பும் இத்தகையதே. வைக்கோலை 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடித்து, காளான் வித்துடன் அடுக்கடுக்காய்ப் பையில் நிரப்புதல் வேண்டும். வேகவைப்பதும் வடிப்பதும் ஆபத்தான பளுவேலை. அவற்றை மட்டும் வேறொருவர் செய்க. பை நிரப்புதலும் அறுவடையும் உட்கார்ந்தபடியே செய்யத்தக்கவை. கண்ணொளியற்றவர் விரலால் அடுக்கின் உயரத்தை அறிந்து நேர்த்தியாகச் செய்யக்கூடும். கொட்டகைவரை இடுப்புயரத்தில் ஒரு கயிறு கட்டிவைத்தால் தாமாகவே வந்துபோவார். காளான் தூள் இருமலை உண்டாக்குமாதலால் அறுவடை செய்வோர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது அவசியம்.

செவிப்புலன் இல்லாதவருக்கு ஏறக்குறைய எல்லாப் பண்ணைவேலையும் தகும். டிராக்டர் பின்னோக்கி வரும் இடத்தில் மட்டும் அவரை நிறுத்தலாகாது. அறிவு வளர்ச்சி குன்றியவருக்கு ஒரு வேலையை முற்றக் கற்பித்தபின் அடுத்ததைக் கற்பிக்கவேண்டும்; கோழிக்குத் தீனியிடல், ஆட்டுக்குத் தழை போடுதல் முதலிய அன்றாடம் மாறாத வேலைகளில் அவர்களது நேரந்தவறாமை பிறருக்கு வாய்ப்பதரிது.

கூலி விஷயத்தில் சிலர் தாராளமாய் இருப்பதாக எண்ணி, அரைக்கூலியும் ஒருவேளைச் சோறும் தருகின்றனர். அது தர்மம், கூலியன்று. தட்டுக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக்கூலி பேசி, பிறருக்குத் தருவதையே இவருக்கும் தருதல் முறை. பணம் தமையன் கையிலன்றி, அவரவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே சேரவேண்டும். குடும்பத்தில் ஒருவருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டாவது இதனாலேயே.

எந்த வேலை இயலும் என்பதை யார் தீர்மானிப்பது? தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியின் வரலாறு இதற்கு விடை தரும். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையில் வீழ்ந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன் என்னும் பொறியியல் மாணவர். சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-ல் தம் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தை அவர் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் பின்னர் அவருடன் சேர்ந்தார். சிறு பள்ளியாய் முளைத்த அது, சுற்றுக் கிராமங்களின் வீடுகளுக்கே சென்று பயிற்சியளிக்கும் ஸ்தாபனமாக வளர்ந்தது. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அங்கே திட்டம் வகுத்தோர் உடற்குறையை அநுபவித்தவர்களே. மேற்கூறிய பலகையின் உயரத்தையும், தச்சர் சட்டமிடுமுன், அதில் அமரப்போகிறவரை உட்கார்த்தி அளப்பதே சரி.

கிராம அலுவலர் அறியவேண்டுவன சில உள. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு, நூற்றுக்கு 40 பங்கு அல்லது அதற்குமேல் குறைபாடுடையோர்க்கு விவசாய நிலம், வீடு ஆகியவற்றின் ஒதுக்கீட்டிலும், வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் நூற்றுக்கு 5 பங்கு ஒதுக்குமாறு விதிக்கின்றது; அவற்றில் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. அடையாள அட்டை இல்லாதவர் பெயர் எப்பட்டியலிலும் ஏறாதாகையால், முகாம் நடக்கும் நாளை முன்கூட்டித் தண்டோரா மூலமேனும் தெரிவித்து, நடக்க இயலாதவருக்கு வண்டி அமர்த்துதல் வேண்டும். ஊராட்சிதோறும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிப்பதற்கான திருத்தச் சட்டம் 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. அவ்வுறுப்பினர் ஏறமுடியாத மாடியில் கூட்டம் கூட்டுவது தகாது.

புதிதாகக் கை இழப்போர் உண்டாகாமற் காப்பதும் நிலமுடையோர் பொறுப்பே. விசைக் கதிரடிப்பான்களால் நேர்ந்த விபத்துக்களை முன்னிட்டே 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கதிர் ஊட்டும் வாய்த்தகடு 90 சென்டிமீட்டர் நீளமும், அதில் உருளையை ஒட்டிய பாதி மூடியும் இருக்கவேண்டும். வாடகைக்கு வரும் இயந்திரத்தில் அம்மூடி கழற்றப்பட்டிருப்பின் களத்தில் இறக்க விடாதீர்கள். தளர்ந்த மேலாடையுடனும், கைவளையுடனும், இரவில் தூக்கக் கலக்கத்துடனும் எவரையும் அதன்முன் நிறுத்தலாகாது.