மயங்கி விழுந்தால் எந்தப் பையைத் துழாவுவார்கள்?

முதலுதவிப் பயிற்சி கொடுக்கக் கொடைக்கானல் போயிருந்தேன். முன்வரிசைப் பையன் கையில் கறுப்பு ரப்பர் வளையம், அதில் கியூஆர் கட்டம். “எனக்கு சுகர் சார். ஸ்கேன் பண்ணா எல்லாம் வந்துடும்.” கூட்டாளிகள் நாலு பேரும் அதையே போட்டிருந்தார்கள், நோய் இல்லாமலே. அடுத்த பெஞ்சில் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண். அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. “மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சுடும்னு அம்மா வேணாம்னுட்டாங்க.”

அரசு அட்டைகள் உதவுமா? அமெரிக்காவின் சில மாநிலங்களில் கேட்டால் ஓட்டுநர் உரிமத்திலேயே நோய்க்குறி போட்டுத் தருகிறார்கள். நம் உரிமத்தில் இரத்த வகையும் உறுப்பு தான விருப்பமும்தான். அந்த இரத்த வகையையும் மருத்துவமனையில் மறுபடி சோதித்துத்தான் இரத்தம் ஏற்றுவார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளி அட்டை 21 வகைக் குறைபாடுகளுக்கு உண்டு. ஹீமோபிலியா அதில் வரும், சர்க்கரை வராது.

ரப்பர் வளையத்துக்கு வருவோம். அதைப் படிக்க, வருகிறவரிடம் ஸ்மார்ட்போன் வேண்டும், டவர் வேண்டும், அந்த இணையதளம் உயிரோடிருக்க வேண்டும். பூம்பாறை தாண்டி மன்னவனூர் போகும் வழியில் டவரைத் தேடிப் பாருங்கள், தெரியும். நோயைப் பொறித்துக் கையில் அணியும் மெடிக்அலர்ட் வளையம் 1956-இல் கலிபோர்னியாவில் பிறந்தது. அங்கே மணிக்கட்டைப் பார்க்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. பழனிக்கு மாலை போட்டவர்கள் நடக்கும் ஊரில், கையில் கிடப்பதைக் காப்புக் கயிறு என்றுதான் நினைப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய நிம்மதி, அவ்வளவுதான். செல்போன் பூட்டுத் திரையில் அவசரத் தகவலைப் பதிந்து வைப்பது எவ்வளவோ மேல். டவர் இல்லாமலும் திறக்கும், சார்ஜ் இருக்கும் வரை.

என் ஓட்டு சட்டைப்பையில் கிடக்கும் தமிழ் அட்டைக்கு. நான் இன்சுலின் போடுகிறவன். ஒருமுறை கொடைக்கானல் மலைப்பாதையில், டம்டம் பாறை அருகே பஸ்ஸில் சர்க்கரை இறங்கி உளற ஆரம்பித்தேன். குடித்திருக்கிறான் என்று முணுமுணுத்தார்கள். டிக்கெட்டைத் தேடி நடத்துநர் என் சட்டைப்பையில் கைவிட்டார், அட்டை வந்தது. “போதை அல்ல, சர்க்கரை நோய். விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் தரவும். முடியாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கவும்.” சர்க்கரைத் தண்ணீர் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கொடைக்கானல் பஸ்ஸில் ஆளுக்கொரு சாக்லேட் பெட்டி வைத்திருப்பார்கள். அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

அட்டை எழுதுமுன் உடம்பைப் படியுங்கள், பிள்ளைகளே. எப்போது தலை சுற்றுகிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும். பெற்றோரே, ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1 வலிப்பு உண்டா என்று கேட்கிறது. ‘இல்லை’ என்று எழுத வைத்துப் பிள்ளையைக் கொண்டை ஊசி வளைவுக்கு அனுப்புவது பாசமா?

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் அந்தப் பெண் கடைசியில் ஓர் அட்டை எழுதினாள். “வலிப்பு வந்தால் கையில் சாவி திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.” அம்மா கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்று கேட்டாள். செல்போன் உறைக்குள், எழுத்து வெளியே தெரியாமல் மடித்து வைத்துக் கொடுத்தேன். உடனே வெளியே எடுத்து, எழுத்து மேலே தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டாள்.