ஏச்சுக்குப் பயந்து உண்மையை மறைக்க வேண்டாம்



கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவருக்கு சீனி வருத்தம். கிளினிக்கில், "சொன்னா கேக்க மாட்டியா? கால வெட்டினாத்தான் புத்தி வருமா?" என்று ஏசிவிட்டார்கள். அதன் பிறகு அவர் மாத்திரை போடாத நாட்களிலும் "ஒழுங்காப் போடுறேன் ஐயா" என்றே சொல்லி வந்தார்.

இதில் ஆபத்து உண்டு. மருந்து போட்டும் சீனி குறையவில்லை என்று நினைக்கும் வைத்தியர் அளவைக் கூட்டுவார். கூட்டிய மாத்திரையை ஒருநாள் முழுதாகப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் மலைக்குப் போனால், சில மாத்திரைகளுக்கு சீனி சட்டென்று இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, மயக்கம் வரும்.

பிறகு புதிதாக வந்த மிஸ்ஸி ஒருவர், "மாத்திரை போடுறதுல என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டார். "வயிறு கலக்குதுங்க. மலையில கக்கூசுக்கு எங்க போறது?" என்றார் அக்கா. மெட்போமின் மாத்திரைக்கு அப்படி வருவதுண்டு. வைத்தியர் அதைச் சாப்பாட்டோடு போடச் சொன்னார். இப்போது அக்கா மாத்திரையை விடுவதில்லை.

ஏச்சு வாயை அடைத்தது. ஒரு கேள்வி திறந்தது. நீரிழிவு உள்ளவர்களிடம் எப்படிப் பேசுவது என்று 2018இல் இங்கிலாந்து தேசிய சுகாதார சேவை ஒரு வழிகாட்டியே வெளியிட்டது.

நாம் செய்ய வேண்டியவை:

1. மாத்திரை போடாத நாட்களை மறைக்காமல் சொல்லுங்கள்.

2. கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து பயனில்லை. எச்.பி.ஏ.வன்.சி. பரிசோதனை சுமார் 3 மாத நிலையைக் காட்டிவிடும்.

3. பாஷை விளங்காவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

4. வீட்டிலும் ஏசாதீர்கள். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்று அன்பாகக் கேளுங்கள்.